கொக்கிப்புழுவோடு கபடி ஆடியவர்கள்

ஆமைக்குளத்து ஆட்களைப் பற்றி ஊர் உலகம் ஆயிரம் சொல்லும். அதில் பாதி பொய். மீதிப் பாதி இதுதான்.

அந்த ஊரில் ஒரு கபடிக் குழு இருந்தது. பேய்க்காத்து கபடிக் குழு என்று பெயர். பெயரில் இருந்த காற்று ஆட்களிடம் இல்லை. பக்கத்து முள்ளூரோடு ஒவ்வொரு பங்குனியிலும் ஆடுவார்கள். ஒவ்வொரு பங்குனியிலும் தோற்பார்கள். ஏழு வருசமாக இது ஒரு குறையும் இல்லாமல் நடந்து வந்தது.

குழுவுக்குத் தலைவன் தளவாய். நல்ல மனுசன், நாலு பேருக்கு நல்லது நினைப்பவன். ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் போதும், மற்றவர்கள் அதை விழுந்தபடியே எடுத்துக்கொள்வார்கள். போன வருசம், "எதிராளி கோட்டத் தொட்டுட்டு வாலே" என்று கபடி பாடிப் போகிற ஊய்க்காட்டானிடம் சொன்னான். ஊய்க்காட்டான் ஆட்டத்துக்கு முதல் நாளே முள்ளூருக்கு நடந்து போய், அவர்கள் மைதானத்துக் கோட்டைக் குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

இந்த வருசம் தை மாதம் தளவாய்க்கு வீட்டிலிருந்தே வினை வந்தது. அவன் மனைவி ஆவுடையம்மாள் ஊர் மகளிர் குழுவின் தலைவி. மிளகாய் வத்தல் காயப்போட அந்தப் பெண்களுக்கு ஊருக்குப் பின்னால் இருக்கிற பாறை ஒன்றுதான் உண்டு. அது பத்தாமல் பாதி வத்தல் ரோட்டில் காயும். லாரி ஏறி நசுங்கும். அவள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"தோக்கதுக்கு எதுக்குய்யா அவ்வளவு பெரிய மைதானம்? தோக்கணும்னா ஒரு முடுக்குல நின்னுகூடத் தோக்கலாம். இந்தப் பங்குனியிலயும் தோத்தா மைதானத்த வத்தலுக்குக் குடுத்துரணும். செயிச்சா நாங்க பேச்சே எடுக்க மாட்டோம்."

ஊரே தலையாட்டியது. தளவாயும் சேர்ந்து ஆட்டிவிட்டான். எல்லாரும் ஆட்டும்போது ஆட்டாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் தலையாட்டினது எதற்கென்று உறைத்தது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மைதானத்தில்தான் அவன் முதன்முதலில் கீழே விழுந்தான், முதன்முதலில் ஒருத்தனைப் பிடித்தான், முதன்முதலில் ஆவுடையம்மாளைப் பார்த்தான். வீட்டை எழுதிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான். மைதானத்தைக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை.

மறுநாளே பயிற்சி தொடங்கிற்று. ஊய்க்காட்டான் கோட்டைத் தாண்டிப் போய், "கபடி, கபடி, கபடி, கபடி" என்று நாலு தடவை சொன்னான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"என்னலே?"

"மூச்சு முடிஞ்சிட்டு அண்ணே. வயிறு வேற இழுத்துப் பிடிக்கி."

மற்றவர்களும் அப்படித்தான். எல்லார் முகமும் வெளுத்துக் கிடந்தது. அந்த வழியாக ஸ்கூட்டரில் வந்த கிராம நர்ஸ் அமலோற்பவம் வண்டியை நிறுத்தினார். ஒவ்வொருத்தனுடைய கீழ் இமையையும் இழுத்துப் பார்த்தார். உள்ளே ரத்தச் சிவப்பே இல்லை.

"காலைல வெளிக்கு எங்க போறீய?"

எட்டுக் கைகள் மைதானத்தை ஒட்டியிருந்த வேப்பந்தோப்பைக் காட்டின.

"செருப்பு?"

"மைதானம் எங்களுக்குச் சாமி சிஸ்டர்" என்றான் தளவாய். "நாங்க செருப்ப அரை மைலுக்கு முன்னாலயே கழத்திருவோம்."

நர்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். எட்டுச் சின்ன டப்பாக்களைக் கொடுத்து, காலையில் மலம் கொஞ்சம் எடுத்து இதில் வைத்துக் கொண்டு வாருங்கள், சோதனை பண்ண வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னார். விளங்காமல் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் சங்கிலி ஒரு சங்கடத்தைக் கிளப்பினான். குழுவில் கபடி விதிப் புத்தகம் வைத்திருக்கிறவன் அவன். அதனால் நியாயம் பேசுகிற வேலை அவனுக்கு.

"ஒரு பொம்பளப்பிள்ள நம்மள நம்பிப் பாத்திரம் குடுத்துட்டுப் போயிருக்கா. அதுல போயி நாம அதையா வச்சிக் குடுக்கது? அவ வீட்டுல என்ன நெனப்பாவ?"

"அப்பம் கழுவித் திருப்பிக் குடுத்துருவோம்" என்றான் ஊய்க்காட்டான்.

"வாங்கின பாத்திரத்த வெறுசாத் திருப்பிக் குடுக்கவும் கூடாதுடே."

மறுநாள் காலையில் எட்டு டப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன. எட்டிலும் கருப்பட்டி இருந்தது. சோதனை அறையில் இருந்தவர் முதல் டப்பாவைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எறும்பு வந்த பிறகுதான் அவருக்குத் தைரியம் வந்தது.

இரண்டாம் முறை நர்ஸ் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே போட்ட சத்தத்தில் வேலை ஒழுங்காக நடந்தது. முடிவு வந்தது. எட்டுப் பேர் வயிற்றிலும் கொக்கிப்புழு.

"இந்தப் புழு மண்ணுல இருக்கும்" என்றார் நர்ஸ். "கண்டபடி வெளிக்குப் போறீயல்லா, அந்த எடத்துல ஈர மண்ணுல, நெழல்ல வளரும். வெறுங்காலோட நின்னா பாதத்து வழியா உள்ள ஏறி, குடலுக்குப் போயி, அங்கன கவ்விக்கிட்டு ரத்தத்த உறிஞ்சும். பொறவு மூச்சு எங்கன இருந்து வரும்?"

குழு வட்டமாக உட்கார்ந்து இதை யோசித்தது.

"நம்ம பக்கத்துக்குள்ள வருது" என்றான் சங்கிலி மெதுவாக. "காலத் தொடுது. உள்ள போவுது. அண்ணே, இது பாடி வாரதுதான்!"

"ஆனா கபடி சொல்லலியே?" என்றான் ஊய்க்காட்டான்.

எல்லாரும் அதிர்ந்து போனார்கள். கபடி சொல்லாமல் ஒரு எதிராளி உள்ளே வருவதை அவர்கள் வாழ்க்கையில் கண்டதில்லை. தளவாய்க்குக் கோபத்தில் கண் சிவந்தது. உடம்பில் இருந்த ரத்தத்துக்கு அவ்வளவு சிவந்ததே பெரிது.

டாக்டர் எட்டுப் பேரையும் பார்த்து மாத்திரை எழுதினார். நர்ஸ் எட்டுச் சின்னக் காகித உறைகளில் ஆளுக்கொரு பூச்சி மாத்திரை போட்டு, மேலே பெயர் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஒரு ஆளுக்கு ஒரு மாத்திரை. மத்தியானம் சாப்பிட்ட பொறவு, பல்லால நல்லா மென்னு தின்னு, தண்ணி குடிக்கணும். காய்ச்சல் இருந்தா இன்னைக்குப் போடக்கூடாது, எங்கிட்ட வரணும். ஒருத்தன் மாத்திரைய இன்னொருத்தன் தொடப்படாது. சந்தேகம்னா போன் பண்ணுங்க."

சங்கிலி அத்தனையையும் விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான். அங்கேதான் சனி பிடித்தது. கபடி விதிகளோடு சேர்ந்து எழுதப்பட்டுவிட்டதால், அவனைப் பொறுத்தமட்டில் இனி இதுவும் கபடிதான்.

மத்தியானம் வேப்ப மரத்தடியில் சோறும் புளிக்குழம்பும் சாப்பிட்டார்கள். குழுவின் மாற்று ஆட்டக்காரன் பண்டாரம் தன் உறையைப் பிரித்தான், மென்றான், தண்ணீர் குடித்தான். அன்றைக்கு அங்கே நடந்த ஒரே சரியான காரியம் அதுதான். அதுவும் யாரும் யோசிக்காததால் நடந்தது.

பண்டாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு வருசமாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவன். ஒருத்தனுக்காவது கால் சுளுக்காதா என்று காத்திருந்து காத்திருந்து, எல்லாருடைய காலையும் தன் கையாலேயே தேய்த்துவிட்டு அனுப்புகிற நல்லவன். மற்ற ஏழு பேர் பனியனிலும் பெயரும் நம்பரும் உண்டு. அவன் பனியனில் ஒன்றும் கிடையாது.

அடுத்து ஊய்க்காட்டான் முறை. அவன் நெற்றியைத் தொட்டான்.

"அண்ணே, எனக்குக் காலைல இருந்து காய்ச்சல் அடிக்கி."

"அப்பம் நீ அவுட்டு" என்றான் சங்கிலி, புத்தகத்தைப் பார்த்து. கந்தையா செவ்வாய்க்கிழமை விரதம்; இலையில் உட்கார்ந்திருந்தானே தவிரச் சாப்பிடவில்லை. அவனும் அவுட். கொம்பையாவுக்குப் போன வருச ஆட்டத்தில் போன பல் போக மீதியும் ஆடிக்கொண்டிருந்தது, மெல்ல முடியாது. அவனும் அவுட். குழுவில் இரட்டைப் பிறவிகள் இரண்டு பேர் உண்டு. "அவன் தின்னா நான் தின்னுதேன்" என்றான் பெரியவன். "அவன் தின்னா நான் தின்னுதேன்" என்றான் சின்னவன். இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தபடியே அவுட் ஆனார்கள்.

"நீங்க விசில் வச்சிருக்கீய, அதனால நடுவர். நடுவர் ஆட்டத்துல சேரக்கூடாது" என்று தளவாயையும் கழித்தான் சங்கிலி. "நான் புள்ளி எழுதுதவன்" என்று தன்னையும் கழித்துக்கொண்டான். பிறகு விரல் விட்டு எண்ணினான். அவன் முகம் கறுத்தது.

"அண்ணே! ஏழு பேரும் அவுட்டு! புழுவுக்கு லோனா போயிரும்!"

முழு அணியும் அவுட் ஆனால் எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி உண்டு. அதற்குப் பெயர் லோனா. புழுவிடம் லோனா வாங்கினோம் என்றால் முள்ளூர்க்காரன் காதில் விழாமல் இருக்குமா? தளவாய்க்கு மைதானம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாய் வத்தல் காய்வது கண்ணில் தெரிந்தது.

"என்னலே வழி?"

எல்லார் தலையும் மெல்லத் திரும்பியது. பண்டாரம் எழுந்து நின்றான்.

"நான் எறங்கட்டா அண்ணே?"

ஏழு வருசத்துக் கேள்வி அது. தளவாய் சரி என்று சொல்ல வாயெடுத்தான். இருந்தாலும் அவன் மனதில் ஒரு முள் குத்திற்று.

"ஒரு ஆளுக்கு ஒரு மாத்திரைன்னு சிஸ்டர் சொன்னாவளே? இவன் ஒண்ணு தின்னுட்டானே?"

சங்கிலி கண்ணை மூடி யோசித்தான். "அவன் தின்னது பண்டாரமா இருக்கும்போது. ஊய்க்காட்டானுக்குப் பதிலா எறங்குனா ஊய்க்காட்டான் பனியனப் போடுவான். அந்தப் பனியன்ல என்ன எழுதியிருக்கு?"

"ஊய்க்காட்டான்னு."

"ஊய்க்காட்டான் இன்னும் ஒரு மாத்திரைகூடத் திங்கலல்லா?"

"ஒருத்தன் மாத்திரைய இன்னொருத்தன் தொடப்படாதுன்னும் சொன்னாவ" என்று இழுத்தான் தளவாய். அதற்காகத்தான் பனியன் என்றான் சங்கிலி. "சந்தேகம்னா போன் பண்ணச் சொன்னாவ. யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டான். ஒருத்தருக்கும் இல்லை. ஆமைக்குளத்தில் அறிவுக்குப் பஞ்சம் உண்டு, சந்தேகத்துக்கு இடமே கிடையாது.

ஒரு பனியன் போட்டு ஒரு மாத்திரை, கழற்றி இன்னொரு பனியன் போட்டு இன்னொரு மாத்திரை என்றால் பொழுது போய்விடும். அதனால் ஏழு பனியனையும் மொத்தமாகப் போட்டுக்கொண்டு ஏழு மாத்திரையையும் மொத்தமாகத் தின்றுவிடலாம் என்று தளவாயே முடிவு சொன்னான். அந்த ஊரில் எடுத்த முட்டாள்தனமான முடிவுகளில் ஓர் உயிரைக் காப்பாற்றிய முடிவு இதுதான்.

பண்டாரம் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுக் கோட்டுக்குள் இறங்கினான். கைதட்டினார்கள். நம்பர் வரிசைப்படி பனியன் ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று சுலபமாகப் போயின. நாலாவதில் அவனால் கையை மடக்க முடியவில்லை. ஐந்தாவதில் கை இரண்டும் பக்கவாட்டில் நின்றன. ஆறாவது பனியன் கொம்பையாவுடையது. கொம்பையா சின்ன உடம்புக்காரன். அது தலையில் பாதி இறங்கி, மூக்கோடு நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"வாய் எங்கடே?" என்று மாத்திரைகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சங்கிலி அவனைச் சுற்றி வந்தான்.

"கைத்துவாரம் வழியா விட்டா போயிருமா?" என்றான் ஊய்க்காட்டான்.

"சிஸ்டர் வாய்ன்னு சொல்லல, பல்லுன்னுதான் சொன்னாவ" என்றான் கந்தையா.

உள்ளேயிருந்து பண்டாரம் ஏதோ முனகினான். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவன் தட்டுத் தடுமாறி, அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். தளவாய்க்குத் திக்கென்றது. மைதானம், வத்தல், முள்ளூர் எல்லாம் அவனுக்கு மறந்து போயிற்று. இந்தப் பயலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் முகத்தில் முழிப்பது என்று பதறினான். அவன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. போனை எடுத்தான்.

"சிஸ்டர், ஒரு சின்னச் சந்தேகம். ஒருத்தன் ஏழு பேரா இருந்தா ஏழு மாத்திரை திங்கலாமா?"

மறுமுனையில் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

அமலோற்பவம் வந்ததும் முதல் வேலையாகச் சங்கிலி கையிலிருந்த மாத்திரைகளைப் பிடுங்கி எண்ணினார். ஏழும் இருந்தன. அதன் பிறகுதான் மூச்சு விட்டார். கட்டுத்துணி வெட்டுகிற கத்திரிக்கோலால் பனியன்களைக் கிழித்துப் பண்டாரத்தை வெளியே எடுத்து, நிழலில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"நான் ஆட்டத்துல இருக்கனா சிஸ்டர்?" என்று கேட்டான் அவன்.

"இருக்கடே. அதுக்கு உன் சாமிக்கு நன்றி சொல்லு" என்றவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "மருந்து கூடுனா சீக்கிரம் கொணமாவும்னு எவன்லே சொன்னது? அளவு மிஞ்சுனா ஒடம்பத்தான் கெடுக்கும். அவன் தின்னா அவன் வயித்துப் புழு சாவும்; உன் வயித்துப் புழு சிரிச்சிக்கிட்டே இருக்கும்!"

பிறகு ஒவ்வொருத்தன் சிக்கலையும் அவரே தீர்த்தார். கொம்பையாவுக்கு மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நுணுக்கித் தண்ணீரோடு கொடுத்தார். இரட்டையர்களை முதுகோடு முதுகாக உட்காரவைத்தார். யார் முதலில் தின்றது என்று இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. தளவாயிடமிருந்து விசிலையும் சங்கிலியிடமிருந்து பேனாவையும் வாங்கி வைத்துக்கொண்டு மாத்திரையைக் கொடுத்தார். கந்தையா விரதம் முடிந்து மறுநாள் சாப்பிட்டான். ஊய்க்காட்டானை டாக்டரிடம் கூட்டிப் போனார். காய்ச்சல் விட்டு நாலு நாள் கழித்து அவன் மாத்திரையை அவனே மென்றான். ரத்தம் ஊற எல்லாருக்கும் இரும்புச்சத்து மாத்திரை வேறு. கக்கூஸுக்குத்தான் போக வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், செருப்பு இல்லாமல் மண்ணில் இறங்கக் கூடாது, பயிற்சிக்கும் ரப்பர் ஷூ என்று உத்தரவு.

அடுத்த இரண்டு மாதம் நர்ஸ் எதையும் அவர்கள் யோசனைக்கு விடவில்லை. அதனால் எல்லாம் நன்றாக நடந்தது. முகத்தில் ரத்தம் ஏறிற்று. ஊய்க்காட்டானுக்கு நாலு கபடி பத்தாயிற்று, பத்து முப்பதாயிற்று.

பங்குனி ஆட்டம் இந்த வருசம் ஆமைக்குளத்து மைதானத்திலேயே நடந்தது. கடைசி நிமிசம். இரண்டு அணிக்கும் சமப் புள்ளி. மைதானத்தோரம் ஆவுடையம்மாள் வத்தல் மூட்டையோடு நின்றாள். தளவாய் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஊய்க்காட்டான் பாடிப் போனான். முள்ளூர்க்காரர்கள் ஏழு வருச அனுபவசாலிகள். அவன் நாலு கபடியில் உட்கார்ந்துவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கையைக் கட்டிக்கொண்டு எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு அஞ்சு என்றபோது அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஆச்சரியத்தில் நின்ற ஏழு பேரையும் ஊய்க்காட்டான் வரிசையாகத் தொட்டுவிட்டு, "கபடி கபடி" என்று சொல்லிக்கொண்டே திரும்பி வந்தான். முள்ளூரே லோனா வாங்கிவிட்டது.

தளவாய் மைதானத்தில் விழுந்து அழுதான். ஆவுடையம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். "மைதானம் உங்களுக்குத்தான். நாங்க பாறையிலயே காயப்போட்டுக்கிடுதோம்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவர்கள் ஆமைக்குளத்துக்காரர்களே இல்லை. மறுநாள் காலையில் குழு கூடியது. மைதானம் கைக்கு வந்துவிட்டது; சரி. ஆனால் இந்த மண் வயிற்றிலும் அதே புழுதானே, நாம் மட்டும் மருந்து தின்று குணமாகிவிட்டு நம்மை ஜெயிக்கவைத்த மைதானத்தை அப்படியே விடுவது நன்றியா என்று சங்கிலி கேட்டான். எல்லாருக்கும் வெட்கமாகப் போயிற்று.

"ஈர மண்ணுல, நெழல்ல வளரும்னு சிஸ்டர் சொன்னாவ" என்றான் தளவாய். "அப்பம் நல்ல வெயில்ல காயப் போட்டா செத்துரும். ஆனா இங்கன பூரா வேப்பமர நெழலுல்லா?"

ரப்பர் ஷூ போட்டுக்கொண்டு எட்டுப் பேரும் ஒரு வாரம் மைதானத்தை வெட்டினார்கள். கூடை கூடையாகச் சுமந்து போய், ஊருக்குப் பின்னால் இருக்கிற பாறையில் மண்ணைப் பரப்பினார்கள். ஒரு முழம் இடம் மிச்சமில்லை. பண்டாரத்துக்கு நிரந்தர இடம் கிடைத்தது. காக்கா வந்து மண்ணைக் கொத்தாமல் கம்போடு காவல் நின்றான்.

எட்டாம் நாள் ஆவுடையம்மாள் பெண்களோடு வத்தலைச் சுமந்துகொண்டு பாறைக்கு வந்தாள். பார்த்தாள். தலைச் சுமையை இறக்கினாள்.

"நாங்க எங்க காயப்போட?"

தளவாய் ஜெயித்தவன், ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும். "எதுக்கு ஏளா கவலப்படுத? மைதானம் சும்மாதான கெடக்கு. எங்க மண்ணு காயுற வரைக்கும் அங்கன போட்டுக்கிடுங்க. நெழலு எடஞ்சலா இருந்தா மரத்துக் கெளைய நாங்களே வெட்டித் தாரோம்."

வெட்டியும் கொடுத்தார்கள். மைதானம் பூராவும் வத்தல் சிவப்பாகக் காய்ந்தது. நாலாம் நாள் சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க, மழை வருது! தார்ப்பாயத் தூக்கிட்டு ஓடியாங்க!" என்று மைதானத்திலிருந்து ஆவுடையம்மாள் அலறினாள்.

எட்டுப் பேரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உயிரைக் கொடுத்து ஓடினார்கள். அவளைத் தாண்டி, வத்தலைத் தாண்டி, நேரே பாறைக்குப் போய், தார்ப்பாயை விரித்து, நாலு மூலையிலும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்துகொண்டார்கள். மழை கொட்டித் தீர்த்தது. விட்டதும் தளவாய் ஓரத்தைத் தூக்கி உள்ளே தொட்டுப் பார்த்தான். பூரிப்பில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏளா ஆவுட!" என்று பாறையிலிருந்து மைதானத்தைப் பார்த்துக் கூவினான். "பயப்படாத! மண்ணு ஒரு துளி நனையல!"